ஏறிய கணக்கும் இறங்கிய கணக்கும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் வாசகர் வட்டச் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "குடும்பத்தோட வருவாங்களே, ஐயா" என்றார். "வரட்டும், இது குடும்பம் கூடி எடுக்கிற முடிவுதானே" என்றேன். முன்வரிசையில் இத்தனை தாய்மார்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆண் பிள்ளைகளுக்கு முன்தோலை நீக்கும் வழக்கம் உலகில் எவ்வளவு பரவியிருக்கிறது, அந்த அளவு காலத்துக்குக் காலம் ஏன் மாறுகிறது என்பதே இன்றைய பேச்சு. மதக் கடமையாகச் செய்கிறவர்களிடம் புள்ளிவிவரத்தை நீட்டி வாதாட நான் வரவில்லை. என் கேள்வி வேறு. சில நிமிடங்களில் முடிகிற ஒரு சின்ன அறுவை சிகிச்சை, ஒரு நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒருவருமில்லை என்ற நிலையிலிருந்து பத்துப் பையன்களில் எட்டு ஒன்பது பேர் என்ற நிலைக்கு ஏறுகிறது. இன்னொரு நாட்டில் அதே வேகத்தில் சரிகிறது. உடம்பு எல்லா ஊரிலும் ஒரே உடம்புதான். அப்படியானால் மாறியது என்ன?

முதலில் மொத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் ஒழிப்பு அமைப்பும் 2007இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் சுமார் 30 சதவீதம் பேர் முன்தோல் நீக்கப்பட்டவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள். 2016இல் வேறொரு ஆய்வுக் குழு கணக்குப் போட்டபோது 37 முதல் 39 சதவீதம் வரை வந்தது. ஒன்பதே ஆண்டில் உலகம் இப்படி மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. எடுத்துக்கொண்ட தரவுகளும் கணக்குப் போட்ட முறையும் வேறு. அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் கணக்கெடுப்பதே சங்கடம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருகிறவர் வீட்டுக்கூரை ஓடா கான்கிரீட்டா என்று கேட்பார். இதைக் கேட்க மாட்டார். ஆகவே ஆய்வாளர்களுக்கு மூன்று வழிகள்தான். ஒன்று, மருத்துவமனைப் பதிவேடு. அதில் பிரசவத்துக்குப் பின் வீடு திரும்பும் முன் செய்தது மட்டுமே ஏறும். எட்டாம் நாள் வீட்டில் யூதர்கள் செய்வதும், பத்து வயதில் தனியார் கிளினிக்கில் செய்வதும் ஏறாது. இரண்டு, நேரில் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைப் பெரியவனானபின் சரியாகச் சொல்லத் தெரியாத ஆண்களும் உண்டு. மூன்று, மதக் கணக்கை வைத்துச் செய்யும் உத்தேசம். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 14.2 சதவீதம், அந்த எண்ணிலிருந்துதான் நம் நாட்டு அளவை ஏறத்தாழ ஊகிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் 2010இல் மருத்துவமனையில் பிறந்த ஆண் குழந்தைகளில் 58.3 சதவீதத்துக்கு இது செய்யப்பட்டது. அதே காலத்தில் 14 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களைக் கேட்டபோது ஏறத்தாழ 80 சதவீதம் பேர் தமக்குச் செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் சரியான எண்கள்தான். வாய்க்காலில் வரத்துக் குறைந்த பிறகும் ஏரி கொஞ்ச காலம் நிறைந்துதானே இருக்கும்? பெரியவர்களின் சதவீதம் முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய பெற்றோர்களின் முடிவைச் சொல்கிறது. குழந்தைகளின் சதவீதம் இன்றைய முடிவைச் சொல்கிறது. இரண்டையும் கலந்து பேசினால், குறைந்ததைக் கூடியதாகவும் கூடியதைக் குறைந்ததாகவும் காட்டிவிடலாம். இந்த விவாதத்தில் இரு தரப்பாரும் அதைத் தாராளமாகச் செய்கிறார்கள்.

மதத்தோடு சேர்ந்து வரும் இடங்களில் சதவீதம் பெரும்பாலும் அசைவதில்லை. அங்கே மாறுவது வயதும், இடமும், செய்கிற கையும்தான். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுன்னத் கல்யாணம், மார்க்கக் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, பையனுக்குப் புத்தாடை உடுத்தி, மாலை போட்டு ஊர்வலம் விட்டு, வீட்டிலேயே நடத்திய காலம் உண்டு. இன்று பல குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் ஒரு காலை நேரம் மருத்துவமனைக்குப் போய், மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுகின்றன. பிரியாணி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. சதவீதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு இத்தனை மாற்றமும் கண்ணில் படாது.

மதம் பிடித்து நிறுத்திய எண்ணையும் அரசு அசைத்ததுண்டு. சோவியத் ஒன்றியத்தில் மதச் சடங்குகளுக்கு வந்த நெருக்கடியில் யூதக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அந்த நாடு உடைந்தபின் 1990களில் இஸ்ரேலுக்குக் குடியேறியவர்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் வளர்ந்த வயதில் செய்துகொண்டார்கள். மூவாயிரம் ஆண்டு வழக்கம் சில தலைமுறை நின்று, மறுபடி தொடர்ந்தது.

இனி மதத்துக்கு வெளியே போவோம். கதை அங்கேதான் சுவாரசியமாகிறது.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் மேல்தட்டுக் குடும்பங்கள் சுகாதாரம் என்றும் ஒழுக்கம் என்றும் சொல்லி ஆண் குழந்தைகளுக்கு இதைச் செய்யத் தொடங்கின. 1930களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு நடந்தது. உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்களிடம் அது மிக அதிகம். தொழிலாளர் வீடுகளில் குறைவு. அதாவது காசு உள்ளவன் செய்துகொண்டான். 1948இல் அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. மருத்துவக் காரணம் இல்லாத முன்தோல் நீக்கத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, 1949இல், டக்ளஸ் கேர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பிறந்த குழந்தைக்கு முன்தோல் பின்னால் வராமலிருப்பது நோயல்ல, இயல்பு என்று அவர் எண்ணிக் காட்டினார்: பிறக்கும்போது நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு மட்டுமே அது முழுதாகப் பின்வரும், வளர வளரத் தானே விலகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சிகிச்சையை ஒட்டி ஆண்டுக்குச் சராசரியாக 16 சிறு பிள்ளைகள் இறப்பதையும் சுட்டிக்காட்டினார். 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த தேசிய ஆய்வில், 40 முதல் 44 வயதுக்காரர்களில் 19.6 சதவீதம் பேர் முன்தோல் நீக்கப்பட்டவர்கள். 16 முதல் 19 வயதுக்காரர்களில் 11.7 சதவீதம் பேர்தான்.

கேர்ட்னரின் கட்டுரைதான் இந்தச் சரிவை உண்டாக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு இலட்சக்கணக்கான பெற்றோர் மனம் மாறுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் மருத்துவத்தில் இது ஒன்றுக்கு மட்டும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்றானபோது, டாக்டரும் வேண்டாம் என்கிறார் என்பது ஒரு நல்ல சாக்கு. பணமும் பரிந்துரையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கைகோத்துக்கொண்டன.

அமெரிக்காவில் இந்த இரண்டும் எதிர்த்திசையில் கைகோத்தன. 1870இல் நியூயார்க்கில் லூயிஸ் சேயர் என்ற புகழ்பெற்ற எலும்பு மருத்துவர், கால் விளங்காத ஐந்து வயதுச் சிறுவனுக்கு முன்தோலை நீக்கினார். பையன் நடந்தான் என்று அறிவித்தார். அதன்பின் வலிப்பு, படுக்கையில் சிறுநீர், மனநோய் என்று எதற்கெல்லாமோ இதுவே மருந்தாயிற்று. சுயஇன்பத்தை ஒழிக்கும் வழி என்று சொன்னவர்களில், காலை உணவுக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் தந்த ஜான் ஹார்வி கெல்லாக்கும் ஒருவர். இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. வழக்கம் சாகவில்லை. காரணம், பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம் மாறியது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியது. 1930களில் வந்த கோம்கோ கவ்வி என்ற கருவி வேலையை எளிதாக்கியது.

அந்த அறையைக் கொஞ்சம் பாருங்கள். குழந்தை பிறந்த மறுநாளோ மூன்றாம் நாளோ, வீட்டுக்கு அனுப்பும் முன் தாயிடம் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்தானதும் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். குழந்தையின் உடல்வாகுக்கு அச்சாகக் குழித்த ஒரு பிளாஸ்டிக் பலகை. அதில் கிடத்திக் கையையும் காலையும் பட்டியால் கட்டுகிறார்கள். வாயில் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த சூப்பான். உலோகக் கவ்வியை மாட்டித் திருகி, சில நிமிடம் இறுக்கி வைத்து, வெட்டி எடுக்கிறார்கள். தாய் மதிய உணவு முடிப்பதற்குள் பிள்ளை திரும்பிவிடுகிறது. வேண்டும் என்று கேட்டுச் செய்வதற்கும், வேண்டாம் என்று மறுத்தால்தான் நிற்கும் என்பதற்கும் எவ்வளவு தூரம்! அமெரிக்காவின் எண்ணை உயரத்தில் வைத்திருந்தது அந்தப் படிவம்தான் என்பேன்.

1971இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி, பிறந்த குழந்தைக்கு வழக்கமாக இதைச் செய்ய மருத்துவக் காரணம் இல்லை என்றது. 1989இல் சில நன்மைகள் இருக்கலாம் என்றது. 1999இல் எல்லோருக்கும் பரிந்துரைக்கப் போதாது என்றது. 2012இல் நன்மை ஆபத்தைவிட அதிகம், ஆனாலும் எல்லோருக்கும் செய்யச் சொல்லுமளவுக்கு இல்லை, முடிவு பெற்றோருடையது என்றது. 2012க்கு முந்தைய இத்தனை திருப்பங்களுக்கும் நாட்டின் சராசரி 1979இல் 64.5ஆக இருந்து 2010இல் 58.3ஆகத்தான் இறங்கியது. ஆனால் அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். மேற்கு மாநிலங்களில் 63.9இலிருந்து 40.2க்கு விழுந்தது, மத்திய மேற்கில் 2010இலும் 70ஐத் தாண்டியே நின்றது. மேற்கில் நடந்தது என்ன? மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள் பெருகினார்கள். அவர்கள் ஊரில் இந்த வழக்கம் பரவலாக இல்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இதற்குப் பணம் தருவதை நிறுத்தின. ஆக, ஒருவர்கூட மனம் மாறாமலே ஒரு மாநிலத்தின் சதவீதம் மாறலாம். உலக அளவிலும் இதே கதைதான்: வழக்கம் உள்ள சமூகங்களில் பிறப்பு கூடினால், புதிதாக யாரும் சேராமலே உலகச் சராசரி ஏறும்.

கனடாவில் மாகாணம் மாகாணமாக அரசுக் காப்பீடு இதைக் கைவிட்டது. 2006ஐ ஒட்டித் தாய்மார்களிடம் கேட்டபோது நாட்டுச் சராசரி 32 சதவீதம். ஆல்பர்ட்டாவில் 44, நோவா ஸ்கோஷியாவில் 7. ஆஸ்திரேலியாவில் 1950களில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் செய்தார்கள். 1971இல் குழந்தை மருத்துவர் சங்கம் வேண்டாம் என்றபின் 1990களில் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. நியூசிலாந்தில் அதைவிடவும் குறைந்தது.

இனி நான் மிகவும் வியக்கும் நாடு, தென்கொரியா.

1945க்கு முன் கொரியாவில் இந்த வழக்கம் இல்லை. பௌத்தம், கன்ஃபூசியம், பின்னால் வந்த கிறித்தவம் எதுவும் இதைக் கேட்கவில்லை. அமெரிக்கப் படை வந்தது. 1950இல் போர் வந்தது. அமெரிக்க மருத்துவமும் கூடவே வந்தது. முன்னேறிய நாட்டுக்காரர்கள் செய்கிறார்கள் என்றால் அது முன்னேற்றம்தான் என்ற எண்ணம் படிந்தது. ஜப்பானிலும் அமெரிக்கப் படை இருந்ததே, அங்கே இது ஏன் பள்ளிப் பையன்களின் வழக்கமாகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. படை வந்தால் மட்டும் போதாது. ஊர் அதை ஏற்றுத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். கொரியா அமெரிக்கர்களைப் போலக் கைக்குழந்தைக்குச் செய்யவில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டி, தொடக்கப்பள்ளி முடிகிற குளிர்கால விடுமுறையில், வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராகப் போய் வருவது என்று ஆக்கிக்கொண்டது. கால்சட்டைத் துணி புண்ணில் உரசாமலிருக்கக் காகிதக் கோப்பையை உள்ளே கவிழ்த்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடக்கும் பையன்கள் அந்த நாட்டு நகைச்சுவைக்கு நிரந்தரச் சரக்கு. பொதுக் குளியலறையும் கட்டாய ராணுவச் சேவையும் உள்ள நாடு அது. எவன் செய்தான், எவன் செய்யவில்லை என்பது மறைவதில்லை. செய்யாத பையனுக்கு வெட்கம். செய்யாத பையனின் தாய்க்குக் கவலை.

சோல் தேசியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் கிம் டே சிக்கும் அவரது நண்பர் பாங் மியோங் கோலும் இதைக் கேள்வி கேட்டார்கள். மருத்துவர் சங்கமோ அரசோ எடுக்க வேண்டிய கணக்கை ஒரு இயற்பியல் பேராசிரியர் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். கட்டுரைகள் எழுதினார்கள், பொதுமக்களுக்காக ஒரு புத்தகமும் எழுதினார்கள். பத்திரிகைகளிலும் இணையத்திலும் வாதம் நடந்தது. 2012இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுப் பையன்களில் முன்பு 88.4 சதவீதமாக இருந்தது சுமார் பத்தாண்டில் 56.4ஆக விழுந்தது. இங்கே குடியேற்றம் இல்லை, காப்பீட்டுச் சட்டம் மாறவில்லை. பெற்றோருக்குத் தகவல் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பையன் செய்யாமல் விட்டான். செய்யாமலிருப்பது வெட்கத்துக்குரியது என்ற நிலை தளர்ந்தது. ஏறியபோது எந்த விசை ஏற்றியதோ, அதே விசைதான் இறக்கியது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் செய்தவர்கள், சிலர் விட்டதும் தாமும் விட்டார்கள்.

பிலிப்பைன்ஸில் இதே கூச்சம் இன்றும் கெட்டியாக நிற்கிறது. கத்தோலிக்க நாடு, மதம் கேட்கவில்லை. ஆனாலும் ஏப்ரல், மே கோடை விடுமுறையில் பையன்கள் கூட்டமாகப் போகிறார்கள். செய்யாதவனைக் கேலி செய்ய ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் நடக்கிறது.

கடைசியாக ஆப்பிரிக்கா. இங்கே மட்டும் அறிவியல் ஆய்வு முதலில் வந்தது, எண் பிறகு ஏறியது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2005இலும் 2007இலும் வெளியாயின. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு முன்தோல் நீக்கத்தால் ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்றன அவை. முழுப் பாதுகாப்பு அல்ல, ஆணுறை வேண்டியதுதான் என்ற எச்சரிக்கையோடு, 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தொற்று மிகுந்த நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கென்யாவின் லுவோ மக்கள் கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறைப் பிடுங்கித்தான் ஆணாக்கினார்கள், முன்தோலைத் தொட்டதில்லை. அண்டை இனத்தார் அதைச் சொல்லியே அரசியல் மேடையில் அவர்களை இழித்ததுண்டு. லுவோ தலைவர் ரெய்லா ஒடிங்காவே இந்தத் திட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். லுவோக்கள் பெரும்பான்மையாக வாழும் நியான்சா மாகாணத்தில் 2007இல் 48 சதவீதமாக இருந்தது 2012இல் 66 ஆயிற்று. ஜூலு மக்களிடையே ஷாக்கா மன்னர் காலத்தில் நின்றதாகச் சொல்லப்படும் வழக்கத்தை, 2009இல் மன்னர் குட்வில் ஸ்வெலிதினி எய்ட்ஸைக் காரணம் காட்டி மீட்டெடுக்கச் சொன்னார். 2019 முடிவதற்குள் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் செய்துகொண்டார்கள்.

ஆனால் இங்கும் பணத்தை மறக்க முடியாது. செலவில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் எய்ட்ஸ் நிதியிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது இந்தத் திட்டமும் அடிவாங்கியது. ஆய்வு வழி காட்டியது; காசு நடத்திக்கொண்டு போனது.

ஆக, நான் கண்டது இதுதான். மதத்துக்கு வெளியே இந்த எண்ணை ஏற்றி இறக்கியவை நான்கு: யார் பணம் கட்டுகிறார்கள், மருத்துவர் என்ன சொல்கிறார், பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள், ஊருக்குள் யார் புதிதாக வருகிறார்கள். இவற்றில் குழந்தையின் உடம்பு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, "உலகத்தில் மூன்றில் ஒருவர் செய்கிறார்" என்று ஒருவர் சொன்னாலும், "மூன்றில் இருவர் செய்யவில்லை" என்று இன்னொருவர் சொன்னாலும், அதை உங்கள் பிள்ளைக்கான காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வயதினரை எண்ணினார்கள், எந்த ஆண்டில், எப்படி எண்ணினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேச்சு அதிலேயே அடங்கிவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கக் கடமையாகச் செய்பவர்கள், பயிற்சி பெற்ற மருத்துவரிடம், சுத்தமான இடத்தில், வலி தெரியாமல் மருந்து கொடுத்துச் செய்யுங்கள். மற்றவர்கள், குளிப்பாட்டும்போது பிள்ளையின் முன்தோல் பின்னால் வரவில்லை என்று பதறி ஓடாதீர்கள். பலவந்தமாக இழுக்கவும் வேண்டாம். சின்ன வயதில் அது இயல்பு என்பது 1949இலேயே தெரிந்த விஷயம். சிறுநீர் கழிக்கையில் வலி, அடிக்கடி சீழ், காய்ச்சல் என்று இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சை வேண்டும் என்று அவர் சொன்னால், "என் பிள்ளைக்கு இது ஏன் வேண்டும்?" என்று கேட்டு, விளங்கும்படி பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.